நாலா, ஐந்தா

முப்பத்துமூன்று என்பது எங்கள் ஊரின் பெயர்.
உருகுவேயில், ஓலிமார் ஆற்றங்கரையில்.
இப்படி ஓர் ஊரில் பிறந்தவள்
எண்களை நம்பாமல் வேறெதை நம்புவாள்?
அரிசி ஆலையில் எடைமேடை என் வேலை.
லாரி ஏறும், முள் நிற்கும், எழுதுவேன்.

காருக்கும் எண்தான் பெயர்:
பேஜோ நானூற்று நான்கு.
நீலமென்றும் சாம்பலென்றும் சொல்லமுடியாத நிறம்,
கியர்த் தண்டு ஸ்டீயரிங்கின் தோளில்.

எண்ணெய்க் கடை எவரிஸ்தோ கேட்டான்,
"ஜி.எல். நாலா, ஐந்தா?"
நாலைவிட ஐந்து பெரிது. விலையும் அப்படியே சொன்னது.
நாற்பதைவிடத் தொண்ணூறு தடிப்பு.
ஐந்தும் தொண்ணூறும் சேர்ந்த டப்பாவை
மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.
வயசான வண்டி,
நல்லதாய்க் குடிக்கட்டும் என்று.

ஜூலை வந்தது. எங்களுக்கு அதுதான் குளிர்.
புல்மேல் உறைபனி.
பெட்டிக்குள் எண்ணெய் ஆறிப்போன களி.
முதல் கியர் விழுந்தது.
இரண்டாவதில்
நறநறவென்று பல்லைக் கடித்தது வண்டி,
மேலதிகாரி பேசி முடிக்கும்வரை
குமாஸ்தா கடிப்பதைப் போல.

மூன்று வாரம்
ரேடியோவைக் கூட்டிவைத்து ஓட்டினேன்.

ஒரு சனிக்கிழமை அடியில் படுத்து
மூடியைத் திருகினேன்.
வெள்ளை எனாமல் தட்டில்
கறுப்பாய் இறங்கியது, அவசரமே இல்லாமல்.
அணைத்த தீக்குச்சி வாசனை.
தட்டைச் சாய்த்தால் உள்ளே மினுக்கம்.
பொன் என்று ஒரு நொடி மகிழ்ந்தேன்.
பித்தளை என்று அடுத்த நொடி.

முன்பெட்டியில் கிடந்தது கையேடு.
முதல் சொந்தக்காரி ஒதிலா இருரேத்தா, மருத்துவச்சி.
ஓரமெல்லாம் பென்சில்:
"கியர் பெட்டிக்கும் என்ஜின் எண்ணெய்தான், இருபது நாற்பது.
பெர்தோமோ பேச்சைக் கேட்காதே."
"மே 4. எண்ணெய் மாற்றினேன். வெர்கரா பாதை, சேறு, இரட்டையர்."
"ஆகஸ்ட் 19. பின்னச்சுக்கு ஆமணக்கு. பெண். கால் முதலில் வந்தது."

பெர்தோமோ யாரோ, தெரியாது.
அவர் பேச்சைத்தான் நான் கேட்டிருக்கிறேன்
ஐம்பது வருஷம் கழித்து, எவரிஸ்தோ வாயால்.

பின்னச்சில் வெண்கலச் சக்கரமாம்,
ஆமணக்கெண்ணெய்தான் அதற்கு ஒத்துக்கொள்ளுமாம்.
மருந்துக்கடையில் இரண்டு லிட்டர் கேட்டேன்.
கடைக்காரி என் வயிற்றைப் பார்த்தாள்.
"எத்தனை பேருக்கு?"
"நானூற்று நான்குக்கு" என்றேன்.
சிலுவை போட்டுக்கொண்டாள்.

சரி, கியருக்கு வருவோம்.
வேறு வேறு வேகத்தில் சுற்றும் இரண்டுக்கு நடுவே
ஒரு பித்தளை வளையம்.
உரசி, உரசி,
இரண்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவரும்.
அந்தக் கண்ணிமைப்பில்
எண்ணெய் ஒதுங்கி நிற்க வேண்டும்.
உரசல் இல்லாமல் இணக்கம் இல்லை.
நான் வாங்கியதோ ஒதுங்கத் தெரியாத எண்ணெய்.
அதன் கந்தகம்
எஃகுக்குக் காவல்,
பித்தளைக்கு அரம்.
டப்பாவில் அச்சிட்டிருந்தது, பொடி எழுத்தில்.
நான் பெரிய எழுத்தைப் படித்தேன்.

புது எண்ணெய் ஊற்றினேன்,
விலை குறைவானது, பெயர்கூட நினைவில்லாதது.
திங்கள்கிழமை பாலத்தில் இரண்டாவது போட்டேன்.
போனது.
செவ்வாய்க்கிழமை கொஞ்சம் கடித்தது.
தேய்ந்த வளையத்துக்கு
எந்த எண்ணெயும் தோல் வளர்க்காது.

தட்டின் அடியைத் துணியில் வடித்து, உலர்த்தி,
ஈரப்பதம் பார்க்கும் அறைக்கு எடுத்துப்போய்
நெல்மணி நிறுக்கும் தராசில் வைத்தேன்.
முள் நின்றது.

கையேட்டில் அவள் வரிக்குக் கீழே இடம் இருந்தது.
பென்சிலைச் சீவி எழுதினேன்:
"ஆகஸ்ட் 2. என்ஜின் எண்ணெய். குழந்தை எதுவும் இல்லை.
பித்தளை, இரண்டு கிராம். நான் தின்னவைத்தது.
குளிரில் இரண்டாவதுக்கு
ஒன்று, இரண்டு எண்ணிவிட்டுத் தள்ளவும்."